கை வீங்கும் முன்பே கண்டறிய முடியும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும், பஞ்சப்படியைப் பற்றியும், போனசைப் பற்றியும் மேடையில் பேசிப் பழகியவன் நான். இன்று வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்குச் சில மாதம் கழித்தோ, சில வருஷம் கழித்தோ கை வீங்கிப்போகிறதே, அதைப் பற்றியும், அந்த வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் கண்டிருக்கும் வழியைப் பற்றியும் பேசப்போகிறேன்.

பின்வரிசையில் இருக்கும் ஆண் தோழர்கள் சிலர், "இது பெண்கள் விஷயம்" என்று எழுந்து போகப் பார்க்கிறார்கள். உட்காருங்கள், தோழர்களே! உங்கள் வீட்டில் தாய் இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், அக்கா தங்கை இருக்கிறாள். இன்று இந்தியாவில் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுக்குத்தான். ஆகவே இது எல்லோருடைய விஷயமுமாகும்.

என் அக்காவின் கை

என் அக்கா நாற்று நடுகிறவள், களை எடுக்கிறவள், கதிர் அறுக்கிறவள். 2016-ல் அவளுக்கு வலது மார்பில் புற்று என்று கண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். மார்போடு, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்டு வைத்தியம் என்று நம் ஜனங்கள் சொல்கிறார்களே, அந்தக் கதிர் வைத்தியமும் நடந்தது. உயிர் பிழைத்தாள். அந்த டாக்டர்களுக்கு என்றும் நன்றி சொல்லுவோம். அதில் இரண்டு பேச்சில்லை.

அடுத்த பொங்கலுக்குக் கண்ணாடி வளையல் வாங்கினாள். இடது கையில் ஏறிய வளையல் வலது கையில் ஏறவில்லை, முட்டிக்கொண்டு நின்றது. சில மாதத்தில் ரவிக்கையின் வலது கை மட்டும் இறுகியது. தையற்காரர் அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். கை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். "வலது கைதானே? வேலை செய்கிற கை கொஞ்சம் தடித்துத்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை மறுத்துப் பேச எங்களிடம் என்ன இருந்தது? ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் கை எவ்வளவு பருமன் இருந்தது என்று யாரும் அளக்கவில்லை, எழுதி வைக்கவுமில்லை.

இரண்டு வருஷத்தில் அந்தக் கை தோளிலிருந்து விரல் வரை ஊதிப்போயிற்று. கருக்கரிவாளைப் பிடித்தால் விரல் மடங்காது. ஒருநாள் வயலில் முள் குத்தியது. மறுநாள் கை முழுதும் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்து, பத்து நாள் படுக்கையில் கிடந்தாள். அதன் பிறகு நடவுக்கு ஆள் கூப்பிட வரும் மேஸ்திரி எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். புற்று பறிக்காத பிழைப்பை வீக்கம் பறித்துவிட்டது. நமக்குக் கைதானே சொத்து?

ஏன் வீங்குகிறது?

உடம்பில் ரத்தம் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். ரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் நீர் கசிந்து சதைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. அதைத் திரும்பச் சேகரித்து ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னொரு குழாய் வரிசை இருக்கிறது. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். வயலுக்கு வாய்க்கால் எப்படியோ அப்படி ரத்தக் குழாய். வடிகால் எப்படியோ அப்படி நிணநீர்க் குழாய். இந்த வடிகால்களின் நடுவே மதகு மாதிரி இருப்பவைதான் நெறிக்கட்டிகள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அதேதான். கையின் வடிகால் பெரும்பாலும் அக்குள் வழியாகப் போகிறது.

மார்புப் புற்று முதலில் பரவுவது பெரும்பாலும் அக்குள் நெறிக்கட்டிகளுக்குத்தான். ஆகவே அவற்றை எடுக்க வேண்டி வருகிறது. மதகையும் வடிகாலையும் எடுத்துவிட்டால் நீர் எங்கே போகும்? வயலிலேயே தேங்கும். கதிர் வைத்தியம் மிச்சமிருக்கும் வடிகால்களையும் சில சமயம் தூர்த்துவிடுகிறது.

யானைக்கால் வியாதியை நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்லிவந்த காலம் உண்டு. கொசு மூலம் வரும் புழு நிணநீர்க் குழாயில் குடியேறி வடிகாலைக் கெடுப்பதால் வருவது அது. இங்கே புழு இல்லை. ஆனால் வடிகால் கெட்ட கதை ஒன்றுதான். அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் மார்புப் புற்றுக்குப் பெரிய ஆபரேஷனை நிலைநாட்டிய டாக்டர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1921-ல் இந்தக் கை வீக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது யானைக்கால் வியாதியின் பெயரைத்தான் இதற்கும் வைத்தார். நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த உபாதை இது.

எல்லோருக்கும் வருமா? வராது. உலகின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2013-ல் கணக்கிட்டார்கள். அக்குள் நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுத்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கியது. முதல் ஓரிரு கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்து, மற்றதை விட்டுவைத்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் வீங்கியது. இதிலிருந்து என்ன தெரிகிறது? புற்றைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அக்குளில் கைவைப்பதும் குறையும், கையும் தப்பும். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

கண் தோற்கும் இடம்

வீக்கம் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. அப்போது பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கை கனப்பது போலவும் இறுகுவது போலவும் தோன்றலாம். சிலருக்கு அதுவும் தோன்றாது. அடுத்து லேசான வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழும், கையை உயர்த்தி வைத்தால் வடியும். அதையும் கவனிக்காமல் விட்டால் தேங்கிய நீரோடு கொழுப்பும் நாரும் சேர்ந்து கை கெட்டியாகிவிடுகிறது. பிறகு கையை உயர்த்தினாலும் வடியாது, குழியும் விழாது. அந்த நிலையிலும் துணிக்கட்டு, நீவுதல், பயிற்சி ஆகியவற்றால் வீக்கத்தைக் குறைக்கலாம். ஆனால் ஆயுள் முழுதும் அந்தப் பாடு விடாது.

ஆகவே முதல் கட்டத்திலேயே பிடிக்க வேண்டும். கையில் பெரும்பகுதி எலும்பும் தசையும் கொழுப்பும்தான். தசைநார்களுக்கு வெளியே புதிதாகத் தேங்கும் கொஞ்ச நீர், முழுக் கையின் பருமனில் அற்பம். கண்ணுக்கு அது தெரிவதில்லை. அப்படியானால் கையை அளக்காமல் நீரை மட்டும் அளக்க வழி உண்டா? உண்டு!

நீரை அளக்கும் கருவி

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து விஞ்ஞானிகள் புரூஸ் கார்னிஷ், லீ வார்டு முதலியோர் 1990-களில் இந்த வேலையில் இறங்கினார்கள். உப்பு நீரில் மின்சாரம் ஓடும் என்பது மில்லில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் தோழருக்குத் தெரியும். உடம்பின் நீரும் உப்பு நீர்தான்.

நீர் தேங்கிய ஒரு வயலில் மூடிய பானைகளை நெருக்கமாக வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பானைகள்தான் உடம்பின் உயிரணுக்கள். பானைக்குள்ளும் நீர் இருக்கிறது. வெளியே வயலிலும் நீர் இருக்கிறது. மின்சாரத்தை மெதுவான அலையாக விட்டால் அது பானைச் சுவரைத் தாண்டாது. வெளியே உள்ள நீரில் மட்டும் சுற்றிக்கொண்டு ஓடும். வேகமான அலையாக விட்டால் சுவரையும் ஊடுருவிப் போகும். இந்த இரண்டு விதமாகவும் விட்டு, ஓட்டத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்தால், வெளியே தேங்கிய நீர் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். நீர் கூடினால் தடை குறையும். வீங்கப்போகும் கையில் நடப்பதும் இதுதான். பானைக்கு வெளியே உள்ள நீர் கூடுகிறது.

மின்சாரம் என்றதும் பயப்பட வேண்டாம். விடுவது மிக மிகச் சிறிய மின்னோட்டம். உடம்புக்குத் தெரியவே தெரியாது. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, கதிரும் இல்லை. பழைய கருவியில் படுக்கவைத்து மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஒட்டுப்பட்டை ஒட்டுவார்கள். புதிய கருவியில் வெறுங்காலோடு தட்டின்மேல் நின்று, இரு கைகளையும் தட்டில் வைத்தால் போதும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு கைகளையும் ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கருவி சொல்லும். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது, கர்ப்பிணிகளுக்கும் செய்வதில்லை.

கார்னிஷும் அவர் கூட்டாளிகளும் 102 பெண்களை ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷம் தொடர்ந்து அளந்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 20 பேருக்குக் கை வீங்கியது. அந்த வீக்கம் வெளியே தெரிவதற்குப் பத்து மாதம் முன்பு வரைகூடக் கருவி காட்டிக் கொடுத்திருந்தது!

முன்னால் தெரிந்து என்ன பயன்?

நியாயமான கேள்வி. தெரிந்தும் தடுக்க முடியாதென்றால் கவலைதான் மிச்சம். இதற்கும் பதில் தேடினார்கள்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷீலா ரிட்னர் தலைமையில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்த அம்மையார் ஒரு நர்ஸ். நர்ஸ் தொழிலிலிருந்தே ஆராய்ச்சிக்கு வந்தவர். 2014-லிருந்து 2018 வரை பெண்களைச் சேர்த்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஆபரேஷனுக்கு முன்பே அளந்து எழுதி வைத்துக்கொண்டார்கள். பிறகு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 442 பேரைக் கருவியாலும் 437 பேரை அளவு நாடாவாலும் தொடர்ந்து அளந்தார்கள். அளவு கூடியதும் அந்தப் பெண்ணுக்கு ஓர் அழுத்தக் கைச்சட்டையைக் கொடுத்தார்கள். மீள்துணியால் ஆனது, கையை இறுக்கிப் பிடித்து நீரை மேலே தள்ளுவது. தினம் 12 மணி நேரம் வீதம் நான்கு வாரம் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவு என்ன? கருவி அடையாளம் காட்டியவர்கள் 89 பேர். அவர்களில் 7 பேருக்குத்தான் பிறகு நிரந்தர வீக்கம் வந்தது. நாடா அடையாளம் காட்டியவர்கள் 120 பேர். அவர்களில் 23 பேருக்கு நிரந்தர வீக்கம் வந்தது. அதாவது கருவி வழியில் நூற்றுக்கு 8 பேருக்கும் குறைவு. நாடா வழியில் நூற்றுக்கு 19 பேர்.

இதில் இரண்டு பாடம் இருக்கின்றன. ஒன்று, நீரை அளக்கும் கருவி மேலானது. இரண்டாவது பாடம் அதைவிட நமக்கு முக்கியம். நாடாவால் அளந்தவர்களிலும் பெரும்பாலோர் கை தப்பியது! வீக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓடுவதைவிட, முறையாக நாடாவால் அளந்து வருவது எவ்வளவோ மேல்.

கருவியைத் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டியதுமில்லை. கை கெட்டியாகி நீர் கொழுப்பும் நாருமாக மாறிய பிறகு அது சரியாகக் காட்டாது. இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒப்பிட நல்ல கை இல்லாததால் வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். கருவி காட்டும் எண்ணோடு டாக்டர் கையையும் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் அளவே முக்கியம்

எந்தக் கருவியானாலும் முதல் அளவு இல்லாவிட்டால் பாதிப் பயன் போய்விடும். உழைக்கிறவர்களுக்கு இரண்டு கையும் சமமாக இருப்பதில்லை. அரிவாள் பிடிக்கும் கை, கோன் மாற்றும் கை, நெற்கட்டைத் தூக்கும் கை இயல்பாகவே தடித்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்பு எழுதி வைத்த அளவு இருந்தால், "வேலை செய்கிற கை தடித்துத்தான் இருக்கும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளுடைய கையை அவளுடைய பழைய கையோடுதான் ஒப்பிட வேண்டும்.

கருவி விலை உயர்ந்தது. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதில்லை. அது வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். தையற்காரரின் நாடா போதும். மணிக்கட்டில் ஒரு சுற்று; அங்கிருந்து மேலே பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. இரண்டு கையிலும் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு ஒரு தடவை; பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை. நாடாவை இறுக்காமல், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், முடிந்தால் அதே ஆள் அளக்க வேண்டும். வீக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் தலைகாட்டும், பின்னாலும் வரலாம். பழைய அளவைவிட ஓர் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் நிச்சயம் டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு முன்பே வளையல் இறுகினாலும், ரவிக்கைக் கை பிடித்தாலும், கை கனத்தாலும் போகலாம். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். அது கிருமி புகுந்த அடையாளம். அழுத்தக் கைச்சட்டையை நாமாகக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. அளவு பார்த்து ஆஸ்பத்திரியில்தான் தர வேண்டும்.

இன்னொன்று. "இனி அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று முன்பெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். தூக்காமல் இருந்தால் உலை எப்படிக் கொதிக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்துச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். பாதிப் பேருக்கு, பயிற்றுநர் மேற்பார்வையில், அழுத்தக் கைச்சட்டையோடு, மிகக் குறைந்த எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது மட்டுமல்ல, பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் வீக்கம் திடீரென்று முற்றியது, செய்யாதவர்களில் நூற்றுக்கு 29 பேர். ஆகவே கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. அதற்காக நாளைக்கே நெல் மூட்டையைத் தூக்கலாம் என்று அர்த்தமல்ல. படிப்படியாகக் கையைப் பலப்படுத்தி வேலைக்குத் திரும்ப வழி இருக்கிறது என்பதே அர்த்தம்.

நாம் கேட்க வேண்டியது

பஞ்சாலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டையாவது இருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிதான் கதி. ஆகவே அங்கே கேட்போம். மார்புப் புற்று ஆபரேஷனுக்கு முன்பு ஒவ்வொரு பெண்ணின் இரு கைகளையும் அளந்து சீட்டில் எழுத வேண்டும். பிறகு வரும்போதெல்லாம் அளக்க வேண்டும். அழுத்தக் கைச்சட்டையை இலவசமாகத் தர வேண்டும். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யும் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நீரை அளக்கும் கருவியை வைக்க வேண்டும். இந்த நான்கில் முதல் இரண்டுக்கும் வேண்டியது ஒரு நாடாவும் ஐந்து நிமிஷமும்தான்.

மாதர் சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் மில் லயனில், உங்கள் சேரியில் இந்த ஆபரேஷன் ஆன பெண்கள் யார் யார் என்று பாருங்கள். அவர்களோடு உட்காருங்கள்; நாடாவை எடுத்து அளந்து எழுதிக்கொடுங்கள். ஆபரேஷனுக்குப் போகப்போகிறவள் இருந்தால் அவளை முதலில் அளந்து அனுப்புங்கள்.

இந்தக் கூட்டத்துக்குப் புறப்படும் முன் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். துணிக்கட்டு கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள். பிறகு, "ஆபரேஷனுக்கு முன்னாலே ஒரு நூலை வச்சு அளந்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமா, தம்பி?" என்று கேட்டாள்.

தெரிந்திருக்கும், தோழர்களே! இனி இங்கே எந்தப் பெண்ணும் தன் தம்பியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி விடக்கூடாது. நாளைக் காலையே நாடாவைக் கையில் எடுங்கள்!